அடிக்கயிறு

அன்று மூடுபனி எவ்வளவு அடர்த்தியாக இருந்தது என்று கேட்டால், எனக்கு உறுதியாகச் சொல்லத் தெரியாது. வலைக் கொட்டகையைப் பூட்டினேனா, திறந்தே விட்டேனா, அதுவும் நினைவில்லை. ஞாபகத்தை நான் அதிகம் நம்புவதில்லை. அது தனக்கு வேண்டியதை வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடும். ஆனால் உள்ளங்கைக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. அன்று என் கையில் வந்த ஒவ்வொரு இழுப்பும் இன்னும் அங்கேயே இருக்கிறது. ஈரக் கயிறு எதைத் தொட்டாலும் திரும்ப வருகிறது.

ஆகவே சொல்கிறேன். இது நடந்தது. எனக்கே நடந்தது.

எங்கள் ஏரி பெரியது ஒன்றும் இல்லை. நிதானமாக நடந்தால் ஒரு மணி நேரத்தில் சுற்றி வந்துவிடலாம். ஊர் ஓரத்தில், இரும்புக் கேட்டும் நாலைந்து சிமென்ட் பெஞ்சுமாகக் கிடக்கும். பொது ஏரி. தூண்டில் வைத்திருக்கிற யாரும் வந்து உட்காரலாம். அதைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. வாரம் ஒருமுறை கேட் பக்கத்துக் கரும்பலகையில் நிலவரம் எழுதிப் போடுவேன். 'நீர் கலங்கல். கெண்டை மந்தம். கெளுத்தி மாலையில் கடிக்கிறது.' இப்படி. அதைப் படிக்காமல் யாரும் உள்ளே போக மாட்டார்கள். எனக்கு வாழ்க்கையில் கிடைத்த வாசகர்கள் அவர்கள்தான்.

வருடத்தில் சில முறை இழுவலை போட்டு மீன் கணக்கெடுப்போம். அதற்கு மூன்று பேர். நான், மச்சான், அக்கா.

மச்சான் என் மனைவியின் அண்ணன். படகு அவர் பொறுப்பு. இந்த வேலையை எனக்கு வாங்கிக் கொடுத்ததும் அவர்தான், பெண் கொடுத்ததும் அவர்தான். அக்கா எனக்கு உறவு இல்லை. வலைக்காரி. என்னைவிடப் பத்து வயது மூத்தவள். ஏரிக்கு அந்தப் பக்கம் இருப்பவனுக்கும் கேட்கும்படி சிரிப்பாள்.

இழுவலை எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் நான் ஏன் பயந்தேன் என்று புரியாது.

வலையின் ஒரு முனைக் கயிற்றோடு நான் கரையில் நிற்பேன். மச்சான் படகில் வலையை அரைவட்டமாக விரித்துக்கொண்டே போய், நாணல் புதருக்கு அந்தப் பக்கம் கரை ஏறுவார். மறுமுனை அவர் கையில். இரண்டு பேரும் இழுத்துக்கொண்டே நெருங்கி வர வேண்டும். வலையின் மேல்கயிற்றில் ஆரஞ்சு நிறத் தக்கைகள் மிதக்கும். அடிக்கயிற்றில் ஈயக்குண்டுகள். அந்த அடிக்கயிறு தரையோடு தரையாக வர வேண்டும். ஒரு சாண் தூக்கினால் போதும், உள்ளே இருக்கிற மீன் அத்தனையும் அடிவழியாக வெளியே போய்விடும். மேலே இருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது. வலை அழகாக வந்து சேரும். காலியாக.

அதற்குத்தான் அக்கா. அவள் வெறுங்காலோடு தண்ணீரில் இறங்கி, கழுத்தளவு ஆழம் வரை அடிக்கயிற்றை மிதித்துக்கொண்டே வலை நெடுகக் கூட வருவாள். அவள் மிதிக்கிற இடத்தில் தக்கை முங்கும். அவள் காலை எடுத்ததும் எழும்பும். அடுத்த தக்கை முங்கும். அவள் எங்கே இருக்கிறாள் என்று தக்கையைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

"செருப்பு போட்டுக்கோயேன் அக்கா, சிப்பி கிழிக்கும்" என்றேன் ஒருமுறை.

"செருப்பு போட்டா ஈயம் எங்க இருக்குன்னு காலுக்குத் தெரியாதுடா. நீ ஷூவைப் போட்டுக்கிட்டு பலகைல எழுது, போ."

நாணல் மறைப்பதால் இரண்டு முனையில் இருப்பவர்களும் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. கத்தினால் மீன் கலையும். அதனால் கயிற்றில்தான் பேச்சு. ஒரு இழுப்பு, நில். இரண்டு, இழு. மூன்று இழுத்தால் ஆபத்து, ஏன் எதற்கு என்று கேட்காமல் நிறுத்திவிட வேண்டும். வேலை முடிந்ததும் அக்கா மட்டும் கயிற்றை விரலால் லேசாகச் சுண்டுவாள். வேறு யாருக்கும் அந்தப் பழக்கம் இல்லை. முடிந்தது, வீட்டுக்குப் போகலாம் என்பது போல.

அந்த மூடுபனி நாளுக்கு ஒரு வருடம் முன்னால் என் மனைவியைப் பிரசவத்துக்குச் சேர்த்திருந்தோம். "நீ ஆஸ்பத்திரிலயே இரு மாப்ள. ஏரியை நான் பாத்துக்கறேன்" என்றார் மச்சான். அந்த வாரம்தான் அக்கா இறந்துபோனாள். நாணல் ஓரத்தில் மிதந்தாளாம். தனியாக இறங்கியிருக்கிறாள், வழுக்கியிருக்கிறாள் என்றார்கள். நான் குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு அந்தச் செய்தியைக் கேட்டேன். அழக்கூட முடியவில்லை.

திரும்பி வந்தபோது கொட்டகையில் வலை தப்பாக மடித்துக் கிடந்தது. நடுவில் ஒரு கிழிசல் வேறு.

"கல்லுல மாட்டிடுச்சு மாப்ள. தச்சுடேன்."

உட்கார்ந்து தைத்தேன். கிழிசல் கோணல்மாணலாக இருந்தது. வலைக்கண் ஒவ்வொன்றாகப் பிய்ந்திருந்தது. கல் இப்படியா கிழிக்கும் என்று ஒரு கணம் தோன்றியது. தோன்றியதைச் சொல்லிக்கொண்டிருப்பவன் இல்லை நான். தைத்து முடித்தேன்.

அதன் பிறகு ஏரி சரியில்லை. போடுகிற வலையெல்லாம் காலி. ஏற்கெனவே குறைந்துகொண்டு வந்த மீன் சுத்தமாக இல்லாமல் போயிற்று. 'கெண்டை மந்தம்' என்று எழுதி எழுதி எனக்கே வெட்கமாகிவிட்டது. தினமும் வருகிற தொப்பிக்காரர் ஒருவர் பலகை முன் நின்று கேட்பார்:

"என்ன சார், மீனெல்லாம் ட்ரான்ஸ்ஃபர் வாங்கிட்டுப் போயிடுச்சா?"

"தெரியலைங்க."

"ஆனா நேத்து என் தூண்டில்ல ஒண்ணு பிச்சுக்கிட்டு ஓடிச்சு. எருமைக் கன்னு மாதிரி."

"ஓடினது எல்லாமே எருமைதாங்க" என்பேன். சிரிப்பார். அவரை நான் நம்பவில்லை. என் வலையை நம்பினேன்.

மீனே இல்லாத ஏரி மக்களுக்கு எதற்கு என்று பேச்சு கிளம்பியது. சுற்றி வேலி போட்டு ஒரு விடுதிக் கம்பெனிக்குக் கொடுத்துவிடலாம் என்றார்கள். கூட்டம் போட்டார்கள். என்னை மேடை ஏற்றி, உண்மையைச் சொல்லுங்கள் என்றார்கள். நான் மைக்கைப் பிடித்து, "மீன் இல்லை" என்றேன். கீழே தொப்பிக்காரர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் சார்" என்றார்.

கடைசியாக ஒரு வலை. அதிகாரி வந்து பார்ப்பார். அதிலும் காலி என்றால் ஏரிக்குப் பூட்டு. இதுதான் முடிவு.

அன்றைக்குத்தான் அது நடந்தது.

விடிகிற நேரம். தண்ணீர் எங்கே முடிகிறது, பனி எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. மச்சான் வழக்கம்போலக் கையுறை மாட்டிக்கொண்டார். அக்கா போனதிலிருந்து இப்படித்தான். வெயில் காலத்தில்கூடக் கழற்றுவதில்லை. கேட்டால் "இன்ஜின் சூடு" என்பார்.

"மச்சான், இன்னைக்கு நான் படகுல போகட்டுமா? அந்த முனையை நான் பிடிக்கிறேன்."

"வேணாம்." பட்டென்று சொன்னார். பிறகு சிரித்தார். "உனக்கு எதுக்கு மாப்ள? நீ இங்கயே நில்லு."

படகு போயிற்று. இன்ஜின் சத்தம் தேய்ந்தது. நின்றது. அப்புறம் எதுவும் இல்லை. நான் கயிற்றை இடுப்பில் ஒரு சுற்றுச் சுற்றிக் கையில் பிடித்தேன். அப்படித்தான் இழுப்பது வழக்கம். காத்திருந்தேன். மௌனம் எனக்குப் பழகியதுதான், பிடித்ததும்கூட. ஆனால் அன்றைய மௌனம் வேறு மாதிரி இருந்தது. யாரோ மூச்சை அடக்கிக்கொண்டிருப்பது போல...

இரண்டு இழுப்பு.

சரி, மச்சான் கரை ஏறிவிட்டார். இழுத்தேன். வலை நகர்ந்தது. தக்கைகள் பனிக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக வந்தன.

மூன்று இழுப்பு.

நிறுத்தினேன். ஆச்சரியமாக இருந்தது. மச்சான் மூன்று இழுத்து நான் பார்த்ததே இல்லை. அக்கா போன பிறகு மூன்றாவது இழுப்பையே நாங்கள் மறந்திருந்தோம்.

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை.

அப்போது தூரத்தில், கண்ணுக்குத் தெரிகிற கடைசித் தக்கை முங்கியது.

எழுந்தது.

அதற்கு இந்தப் பக்கத்துத் தக்கை முங்கியது. எழுந்தது. அடுத்தது.

மீன் முட்டுகிறது என்று நினைத்தேன். மீன் முட்டினால் தக்கை ஆடும். இது ஆடவில்லை. நிதானமாக முங்கியது. நிதானமாக எழுந்தது. யாரோ கால் மாற்றிக் கால் வைத்து வருவது போல.

அந்த இடத்தில் இரண்டு ஆள் ஆழம்.

"மச்சான்!" என்றேன். மீன் கலைந்தால் கலையட்டும் என்று கத்தினேன். "மச்சான்! அந்தப் பக்கம் இருக்கீங்களா?"

இரண்டு இழுப்பு வந்தது. என்னை அறியாமல் இழுத்தேன். வலை கனத்தது. இடது கையால் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தேன். அதில் மணி ஐந்து நாற்பது. அது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. அழைத்தேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தார். பின்னால் யாரோ டீ ஆற்றுகிற சத்தம் கேட்டது.

"சொல்லு மாப்ள."

"எங்க இருக்கீங்க?"

"கேட்டுல. அதிகாரி சீக்கிரமே வந்துட்டாரு. டீ சாப்பிடறோம். நீ மெதுவா இழு, நான் வந்து மத்த முனையைக் கொண்டாறேன்."

"அந்த முனையை யார் புடிச்சிருக்காங்க?"

"யாரும் புடிக்கலை. கரைல அடிச்ச முளைக்கம்புல கட்டிட்டு வந்தேன். ஏன்?"

என் கையில் மூன்று இழுப்பு வந்தது.

"இழுக்குது மச்சான்..."

அந்தப் பக்கம் டீ ஆற்றுகிற சத்தம்கூட நின்றுவிட்டது.

"கயித்தை விடு" என்றார். குரல் அவருடையதாகவே இல்லை. "மாப்ள, கயித்தை விட்டுடு. இப்பவே விடு."

விட முடியவில்லை. இடுப்பில் சுற்றியிருந்தது இறுகிக் கிடந்தது.

போன் தண்ணீரில் விழுந்தது.

தக்கை முங்கியது. எழுந்தது.

இன்னும் பக்கத்தில்.

இரண்டு இழுப்பு.

இழுத்தேன்.

வேறு என்ன செய்வது...

கண்ணை மூடிக்கொண்டேன். கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தேன். தண்ணீர் விலகுகிற சத்தம் நெருங்கியது. முழங்கால் ஆழத்தில் நடந்தால் வருகிற சத்தம். சளக்... சளக்...

என் முன்னால் நின்றது.

காலடியில் ஏதோ பொத்தென்று விழுந்தது.

பிறகு, என் கையிலிருந்த கயிற்றை யாரோ விரலால் லேசாகச் சுண்டினார்கள்.

அவ்வளவுதான்.

கண்ணைத் திறந்தபோது என் காலடியில் வலையின் மறுமுனை கிடந்தது. ஈரமாக, பாசி ஒட்டி. இரண்டு முனையும் சேர்ந்திருந்தன. வலைக்குள் தண்ணீர் கொதிப்பது போல மீன். கெண்டை. என் கை நீளத்துக்குக் கெண்டை. பலவற்றின் வால் நுனியில் சின்னதாக ஒரு வெட்டு. ஒரே மீனை இரண்டு முறை எண்ணிவிடாமல் இருக்க அக்கா போடுகிற வெட்டு. இல்லை, இல்லை என்று நான் மேடையில் சொன்ன மீன்கள். ஒன்றும் எங்கேயும் போகவில்லை. இங்கேயேதான் இருந்திருக்கின்றன.

மச்சான் ஓடி வந்தார். அதிகாரி பின்னால் வந்தார். அதிகாரி வலையைப் பார்த்து, "என்னய்யா இது, இல்லைன்னீங்க!" என்று வாய்விட்டுச் சிரித்தார். மச்சான் மீனைப் பார்க்கவே இல்லை. என் காலடியில் கிடந்த முனையைப் பார்த்தார். அதில் அவர் போட்ட முடிச்சு அவிழாமல் அப்படியே இருந்தது. முளையின் தலையில் பெரிய ஆணியை வளைத்து அடித்திருக்கிறோம். முடிச்சை அவிழ்க்காமல் கயிறு வெளியே வரவே வராது.

அவர் ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அக்கா மூணு இழுத்தாங்களா?" என்றார்.

நான் அக்காவைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லியிருக்கவில்லை.

அதிகாரி மீனை எண்ணப் போனதும் கையுறையைக் கழற்றிக் காட்டினார். இரண்டு உள்ளங்கையிலும் கயிறு அறுத்த தழும்பு. ஆறியதன் மேலே ஆறாதது.

"ஒரு வருஷமா இப்படித்தான் மாப்ள. நான் எப்ப பிடிச்சாலும் மூணு. கையை அறுக்கிற மாதிரி மூணு. அதான் முளைல கட்ட ஆரம்பிச்சேன்."

"அதுக்கு முன்னாடி?"

நான் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசாமல் இருப்பேன். அவரால் முடியாது. சொன்னார்.

கம்பெனிக்காரர்கள் அவருக்கு விடுதியில் படகுப் பொறுப்பு தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஏரியில் மீன் இல்லை என்று ஆக வேண்டும். அவ்வளவுதான் வேலை. தன் முனையில் அடிக்கயிற்றை ஒரு சாண் தூக்கிப் பிடித்தால் போதும். முளையில் இடுப்பு உயரத்தில் கட்டினால் அது தானாகவே தூக்கிக்கொள்ளும். நான் ஆஸ்பத்திரியில் இருந்த அன்று என் இடத்தில் ஒரு முளையை அடித்துவிட்டு, அவரும் அக்காவும் மட்டும் வலை போட்டிருக்கிறார்கள். அவர் தூக்கினார். கயிற்றில் மூன்று இழுப்பு வந்தது. கண்டுபிடித்துவிட்டாள், அதட்டுகிறாள் என்று நினைத்தார். கோபத்தில் இன்னும் கொஞ்சம் தூக்கினார். மறுபடி மூன்று. மறுபடி மூன்று. அப்புறம் இழுப்பு வரவில்லை.

"நான் வேணும்னு செய்யலை மாப்ள. சத்தியமா. அவங்க திட்டறாங்கன்னுதான்... உனக்கும் அங்க ஒரு வேலை சொல்லி வச்சிருந்தேன்."

அந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் என்னால் இன்றுவரை முழுங்க முடியவில்லை. அக்காவை எனக்குத் தெரியாமல் கொன்றார். ஏரியை என் வாயாலேயே கொன்றார். தன்னால் கையில் பிடிக்க முடியாத கயிற்றின் இன்னொரு முனையை இடுப்பில் சுற்றிக்கொள்ளவிட்டு, தன் தங்கை புருஷனை நிற்கவைத்துவிட்டு டீ குடிக்கப் போனார். அத்தனைக்கும் நடுவில் எனக்கு வேலை பார்த்து வைத்திருக்கிறார்.

போனில் "கயித்தை விடு" என்றாரே, அது என்னைக் காப்பாற்றவா, மீனை வெளியே விடவா? அவரிடம் கேட்கவில்லை. அவருக்கே தெரியாது என்று நினைக்கிறேன்.

அன்று மாலையே அவர் போலீசில் போய்ச் சொல்லிவிட்டார். அவர் சொன்னதில் ஒன்றை மட்டும் என் மனைவி பல நாள் என்னிடம் மறைத்தாள். ஒரு நாள் குழந்தை தூங்கிய பிறகு சொன்னாள்.

"அந்த வலைக் கிழிசல்... கல்லு இல்லையாம். தூக்கின அடிக்கயிறு அவங்க காலைச் சுத்திக்கிச்சாம். வலைக்குள்ள மாட்டிக்கிட்டு, கையால பிச்சிருக்காங்க. முக்கால்வாசி பிச்சிட்டாங்களாம்."

அந்த ஓட்டையைத்தான் நான் தைத்தேன். ஒரு கண் விடாமல்.

மச்சான் இப்போது சிறையில் இருக்கிறார். என் மனைவி மாதம் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வருகிறாள். நான் போவதில்லை. அக்காவின் புருஷன் ஒருமுறை ஏரிக்கு வந்து, எந்த இடம் என்று கேட்டு, நாணல் பக்கம் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, மகள் வீட்டோடு போய்விட்டார். விடுதிக் கம்பெனி வேறு ஏரி பார்த்துக்கொண்டது. தொப்பிக்காரர் தினமும் வருகிறார். பலகையைப் படிக்காமலேயே உள்ளே போகிறார். அதில் 'கெண்டை நன்று' என்று எழுதியிருக்கிறது. மறுமுனையைப் பிடிக்கப் புதிதாக இரண்டு பேர் வந்திருக்கிறார்கள். ஆழம் அதிகம் என்று இப்போது யாரையும் தண்ணீரில் இறங்கி மிதிக்க விடுவதில்லை. ஆனால் அடிக்கயிறு இதுவரை ஒருமுறைகூடத் தூக்கவில்லை.